யார் ஊற்றினார் என்று கேட்காத செயலி

நம் செயலியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவரின் பெயர் ஏன் வருவதில்லை என்று போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் போட்டுக் கேட்டார். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோருமே கொஞ்ச நாளில் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பதோடு விடுவதும் இல்லை. "சின்ன வேலைதானே மேடம், ஒரே நாளில் சேர்த்துவிடலாம்" என்று எனக்கே தைரியம் சொல்கிறார்கள். ஒரு நாள்கூட ஆகாது என்று எனக்கும் தெரியும். ஒரு காலத்தில் அது இருந்தது. அதை எடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஓய்வு பெற்றவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதுக்கு வராமல் இல்லை. வரட்டும். இதை மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அப்போது நம் அலுவலகம் திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடியில் இருந்தது. காலை பத்து மணிக்கே சாம்பார் தாளிக்கிற வாசனை வந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்கும் வேலையில் மனசு நிற்காது. நிறுவனத்தைத் தொடங்கியவர் சித்தூர்க்காரர். தெலுங்கு பேசுகிற மனிதர். எங்களோடு பேசும்போது தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். என்னைவிட வயதில் சின்னவர். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் புத்தூர்ப் பக்கத்துத் தமிழச்சி. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. செயலியின் திரைகளையும் அதில் வரும் வாசகங்களையும் வடிவமைப்பது என் வேலை. ஆள் குறைவு என்பதால் வாடிக்கையாளர்களின் போனையும் நானே எடுப்பேன். அது நல்லதாகப் போயிற்று. போன் எடுக்காதவன் திரை வடிவமைக்கவே கூடாது என்பது என் கட்சி.

எந்தச் செடிக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும் நம் செயலியை வாங்குகிறவர்கள் யார்? வாழ்க்கையில் முதல் தடவையாகச் செடி வைப்பவர்கள். திருச்சானூர் போகிற சாலையில் நர்சரியைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஒரு மல்லி, ஒரு கறிவேப்பிலை, ஒரு ரோஜா என்று வாங்கிப் போவார்கள். பதினைந்து நாளில் அது செத்துப்போகும். கவனிக்காமல் விட்டதால் செத்தது கொஞ்சம்தான். அதிகமாகக் கவனித்ததால் செத்ததுதான் நிறைய. கூட்டுக் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். மாமனார் நடைப்பயிற்சி முடித்து வந்து ஒரு சொம்பு ஊற்றுவார். மருமகள் குளித்துவிட்டு வந்து ஒரு சொம்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஆசையாக ஒரு வாளி. ரோஜாவுக்கு வேர் அழுகிவிடும். எனக்குப் போன் போட்டு, "உங்க ஆப் சொன்ன மாதிரிதாங்க ஊத்தினோம்" என்று சண்டைக்கு வருவார்கள்.

அதனால்தான் வீட்டுப் பகிர்வு என்ற ஒன்றைக் கொண்டுவந்தோம். ஒரு வீட்டின் செடிகள் அந்த வீட்டிலுள்ள எல்லோர் போனிலும் தெரியும். ஒருவர் ஊற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், 'அம்மா தண்ணீர் ஊற்றிவிட்டார்' என்று மற்றவர்களுக்குப் போய்விடும். யாரும் மறுபடி ஊற்ற மாட்டார்கள். இது பலித்தது. செடிகள் பிழைத்தன. அதை நான் மறைக்க மாட்டேன். அது நல்ல வேலைதான்.

ஒரு நாள் கூட்டத்தில் கிரண் சுவரில் ஒரு வரைபடத்தைப் போட்டுக் காட்டினான். கிரண் எங்கள் நிரலாளன், அனந்தபூர்ப் பக்கம், கெட்டிக்காரன். அவன் முகம் வாடியிருந்தது. பெண்களின் கணக்குகள் நிறையவற்றில் மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பள்ளம் விழுகிறதாம். மூன்று நாள், சில நேரம் நான்கு நாள், எந்தப் பதிவும் இல்லை. பிறகு ஒழுங்காகத் தொடர்கிறது. சர்வர் கோளாறு என்று நினைத்து ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.

"அது கோளாறு இல்லப்பா கிரண்" என்றேன். "அந்த மூணு நாள் அவங்க செடியைத் தொட மாட்டாங்க."

"ஏன் மேடம்?"

"சாயந்திரம் உங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளு."

ஒரு கணம் விழித்தான். பிறகு காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். இன்னொருவர் தரையைப் பார்த்தார். முதலாளி ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே, "சரே, கோளாறு லேதுன்னா நல்லதுதானே. தர்வாத்த, அடுத்தது என்ன?" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அத்தனை ஆண்கள் நடுவில் அதற்கு மேல் விளக்க எனக்கும் வாய் வரவில்லை.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பல வீடுகளில் வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெண்கள் துளசியைத் தொடமாட்டார்கள். சில வீடுகளில் மல்லியும் கறிவேப்பிலையும்கூடக் கூடாது. தொட்டால் செடி கருகிவிடும் என்பார்கள். அந்த நாட்களில் மாமியாரோ நாத்தனாரோ ஊற்றுவார்கள். இது சரியா தப்பா என்று வழக்காட நான் இங்கே வரவில்லை. இருக்கிறது. செடி வைத்திருக்கிற வீட்டுக்குச் செயலி செய்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தும் இருந்தது. தெரிந்ததை வாயால் சொல்லக் கூசினோம், அவ்வளவுதான். அன்று மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கூச்சப்படாமல் பேசியிருந்தால், 'அப்படியென்றால் யார் ஊற்றினார் என்று வீடு முழுக்கச் சொல்வது சரியா?' என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். யாரும் கேட்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு யோசனை வந்தது. மாதம் முழுக்க விடாமல் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு ஒரு வாழ்த்து. திரையில் பூ கொட்டும். பெயர் பெரிதாக வரும். வீட்டில் எல்லோர் போனுக்கும் போகும். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பூ எந்த நிறத்தில் கொட்ட வேண்டும் என்று அரை நாள் வாதாடினோம். அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. அதுதான் மூடிய பேச்சாயிற்றே.

அக்னி நட்சத்திரம் கொளுத்திய மாதம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. அந்தப் பக்கம் தறிச் சத்தம் காதைக் கிழித்தது. அதையும் மீறி ஒரு பெண் குரல்.

"மேடம், நகரியிலேர்ந்து பேசறேன். உங்க ஆப்ல தப்பா வந்துட்ச்சின்னு ஒரு மெசேஜ் போடுவீங்களா?"

"எது தப்பா வந்துச்சும்மா?"

"தப்பா ஒண்ணும் வரல மேடம். தப்பா வந்துச்சின்னு நீங்க சொல்லணும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "நீ யாரும்மா? முதல்லேர்ந்து சொல்லு."

தேவிகா என்று பெயர் சொன்னாள். வீட்டின் கீழ்த்தளத்தில் பவர்லூம். மாமனார் ஓட்டுகிறார். மொட்டை மாடியில் மாமியார் வளர்க்கும் செடிகள், துளசி மாடம். கணவன் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நண்பர்களோடு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறான். மாமியார் மகளுக்குப் பிரசவம் பார்க்கச் சூளூர்பேட்டைக்குப் போயிருக்கிறார். செடிகளை விட்டுப் போக மனசில்லாமல், நம் செயலியை எல்லோர் போனிலும் போடச் சொல்லி, அங்கிருந்தே தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அத்த இருந்தா அந்த மூணு நாளும் அவங்களே ஊத்திடுவாங்க மேடம். இந்தத் தடவை இல்ல. மாமாவுக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டாரு. பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூப்புட்டு ஊத்தச் சொல்லுன்னு அத்த சொல்லிட்டுத்தான் போனாங்க. அதுவும் லீவுக்கு ஊருக்குப் போயிட்ச்சி. இன்னா வெயிலு தெரியுமா? ஒரு வேள ஊத்தலன்னா கருகிடும். எல்லாம் தலை தொங்கிப்போய் நின்னுக்கினு இருந்துச்சி. பாத்துக்கினு எப்படி சும்மா இருக்கறது? ஊத்திட்டேன். துளசிக்கும் ஊத்திட்டேன்."

"பட்டனையும் அமுக்கிட்ட."

"அமுக்கலன்னா அங்கேர்ந்து போன் வரும் மேடம், யாரும் ஊத்தலியான்னு."

மாதம் பிறந்தது. எங்கள் பூ கொட்டியது. 'இந்த மாதம் தேவிகா ஒரு நாள்கூட விடாமல் தண்ணீர் ஊற்றினார்! வாழ்த்துகள்!' வீட்டில் எத்தனை போன் உண்டோ அத்தனையிலும்.

நாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் கோளாறு என்று தேடியதை அந்த மாமியார் ஒரே பார்வையில் படித்துவிட்டார். மாதம் தவறாமல் மூன்று நாள் ஒதுங்குகிற மருமகள் இந்த மாதம் ஒதுங்கவில்லை. அப்படியென்றால் முழுகாமல் இருக்கிறாள். நாலு வருஷமாகக் குழந்தை இல்லாத வீடு அது.

"உடனே போன் பண்ணாங்க மேடம். அழறாங்க. 'நீ வாயத் தொறந்து சொல்லல, செடி சொல்லிட்ச்சி பாருடி'ன்னு அழறாங்க. எனக்கு நாக்கு எழல. நாத்தனார் மாமியாருக்கு, சொந்தக்காரங்களுக்கு, எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. இப்ப பஸ் ஏறிட்டாங்க. வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடுவாங்க. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறாங்களாம்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியா?"

"அவருக்கும்தான் மெசேஜ் போயிருக்கே. ரூம்ல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டாராம் மேடம்."

"உண்மையைச் சொல்லிடேன்மா. உங்க அத்தை நல்லவங்களாத்தான் தெரியுது."

"நல்லவங்கதான். இல்லன்னு சொல்லல. ஆனா தூரமா இருக்கும்போது துளசிக்கு ஊத்தினேன்னு சொன்னேன்னு வெச்சிக்கோங்க. இதனாலதான் நாலு வருசமா வயித்துல நிக்கலன்னு ஒரு வார்த்த வரும். அத்த சொல்லலன்னாலும் ஊர்ல எவளாவது சொல்லுவா. சாவற வரைக்கும் அந்தப் பேச்சுப் போவாது மேடம். அதுக்கு..."

அந்தப் பக்கம் கரண்ட் போய்விட்டது. நகரியில் தறிகள் நின்றன. அந்த அமைதியில் அவள் பேச்சும் நின்றுபோயிற்று. கீழேயிருந்து ஒரு ஆண் குரல் தெளிவாகக் கேட்டது: "யாருகிட்டம்மா பேசிக்கினு கீற?"

"ஆப்காரங்க மாமா, செடிக்கு" என்றாள். போன் துண்டிக்கப்பட்டது.

நான் நேராகக் கிரணிடம் போனேன். அன்றைக்கென்று அலுவலகமே பரபரப்பாக இருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு பெரிய நர்சரி நிறுவனத்தார் அன்று மாலை எங்களைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. நாங்கள் காட்டுவது பிடித்திருந்தால் அவர்களின் எல்லாக் கிளைகளிலும் நம் செயலி. இல்லாவிட்டால் அலுவலகம் எத்தனை நாள் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? யார் ஊற்றினார் என்று பெயர் வருகிற அந்தத் திரைதான். அடுக்குமாடி வீடுகளில் தோட்டக்காரன் வந்தானா இல்லையா என்று வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

கிரணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை எனக்குக் கூச்சம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அந்த வீட்டுப் பதிவுல மூணு நாளை எடுத்துடறேன் மேடம். திருத்தின கணக்குன்னு அவங்க எல்லாருக்கும் மறுபடி போயிடும். ரெண்டு நிமிஷம்" என்று விசைப்பலகையில் கை வைத்தான்.

"எடு" என்றேன்.

"நில்லு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முதலாளி. இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"சார், அந்தப் பொண்ணு வாழ்க்கை சார்" என்றேன்.

"தெரியும்மா. இன்னிக்கி அந்தப் பொண்ணுக்காகப் பதிவை மாத்துவோம். நாளைக்கி வேற ஒரு வீட்லேர்ந்து மாமியார் போன் பண்ணி, எம் மருமக ஊத்தவே இல்லன்னு மாத்துங்கன்னு கேப்பாங்க. அவங்களும் அழுவாங்க. அப்ப ஏம் சேஸ்தாம், என்ன பண்ணுவோம்? யார் அழுகை நெஜம்னு நாம பாத்துக்கினு இருக்க முடியுமா?"

"அப்போ அவ எப்படியோ போகட்டும்னு விட்டுடலாமா?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. முதலாளி என்றெல்லாம் பார்க்கவில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிரணைப் பார்த்துக் கேட்டார்: "அந்த மூணு நாளு செடிக்கு யாரு தண்ணி ஊத்தினாங்க?"

"தேவிகா சார்."

"நீ பாத்தியா? நம்ம ஆப் பாத்துச்சா?"

"இல்ல சார். அந்தப் போன்லேர்ந்து பட்டன் அமுக்கினாங்க."

"அந்தே, அவ்வளவுதான். பட்டன் அமுக்கினது தெரியும். யாரு ஊத்தினாங்கன்னு தெரியாது. ஊத்தினாங்களான்னுகூடத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு எதுக்குய்யா பேர் போட்டுப் பூ கொட்டினோம்?"

கிரண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"நமக்கு ஏது தெரியுமோ அத மட்டும் சொல்லுவோம்" என்றார் என்னிடம். "எல்லா வீட்டுக்கும் சொல்லுவோம். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போனா அதுவே காட்டிக் குடுத்துடும். நீங்க எழுதுங்க. பேரு எடுத்துடலாம்."

"சார், அவங்க வர்றதே அந்தத் திரைக்காகத்தானே" என்றான் கிரண்.

முதலாளி எழுந்து வெளி வராந்தாவுக்குப் போனார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பும் அந்த மனிதர் தலையில் இருந்தது. அவர் பிள்ளைக்கு அந்த வருடம்தான் காலேஜ். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எழுதுங்கம்மா. சீக்கிரம். அந்த அம்மா பஸ்ல வந்துக்கினு இருக்காங்க."

என் பணிக்காலம் முழுக்க எத்தனையோ வாசகங்கள் எழுதியிருக்கிறேன். அன்றுபோல் பயந்து எதையும் எழுதியதில்லை. அந்தப் பெண்ணுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அதே நேரம் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்கக்கூடாது. எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் நின்றது இதுதான்:

'உங்கள் வீட்டில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றினார் என்று இதுவரை பெயர் போட்டுச் சொல்லிவந்தோம். அது எங்களுக்குத் தெரியாது. பொத்தான் அழுத்தப்பட்டது மட்டுமே தெரியும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னது எங்கள் தவறு. மன்னியுங்கள். இனிமேல் பெயர் வராது, வாழ்த்தும் வராது.'

முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தெலுங்கில் எழுதினார். எங்கள் எல்லைப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெலுங்கில்தான் படிக்க வரும். அந்த மாமியாரும் அப்படிப்பட்டவராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மொழியிலும் அனுப்பினோம். கிரண் எல்லா வீட்டுத் திரையிலிருந்தும் பெயரை எடுத்தான்; பொத்தான் அழுத்தியாயிற்று என்பது மட்டும் நின்றது.

பெங்களூர்க்காரர்கள் மலைக்குப் போய்விட்டு இறங்கி வந்தார்கள். திருப்பதியில் அலுவலகம் வைத்தால் அப்படித்தான். நம்மைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் நம்மை மட்டும் பார்க்க வரமாட்டார்கள். இரண்டு பேருக்கும் மொட்டைத் தலை, சந்தனம். எங்களுக்கு லட்டு கொண்டுவந்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும், அந்தப் பெயர் வருகிற திரையைத்தான் முதலில் கேட்டார்கள். "அது இனிமே கிடையாதுங்க. எங்களுக்குத் தெரியாத விஷயத்தை அது சொல்லிக்கினு இருந்துச்சு. இன்னிக்கித்தான் எடுத்தோம்" என்றார் முதலாளி. அதற்கு மேல் விளக்கவில்லை. நகரி என்றோ ஒரு பெண் என்றோ அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வந்தவர்கள் மரியாதையானவர்கள். டீ குடித்தார்கள், மற்றத் திரைகளைப் பார்த்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த லட்டு இரண்டு நாள் பிரிக்காமலே மேசையில் கிடந்தது. பெங்களூரிலிருந்து போன் வரவேயில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கஷ்டகாலம்தான். சம்பளம் தாமதமாக வந்தது. இரண்டு பேர் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போகும்போது அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அந்தச் செய்தியும் ஒருவிதத்தில் பொய்தானே மேடம்? யார் ஊற்றினது என்று உங்களுக்குத் தெரியுமே." எனக்குச் சுருக்கென்றது. தெரிந்தது எனக்கு, அதுவும் அவளே நம்பிச் சொன்னதால். செயலிக்குத் தெரியாது. இந்தப் பதில் எனக்குப் போதும் என்றுதான் நினைக்கிறேன். சில நாள் போதாதது மாதிரியும் இருக்கிறது. அதை நீங்கள் உங்களுக்குள் யோசித்துக்கொள்ளுங்கள்.

நகரியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த எண்ணுக்கு நான் திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யார் எடுப்பார்களோ, என்ன கேட்பார்களோ. அந்த வீட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தாலாவது ஏதாவது தெரியும் என்று கை துறுதுறுத்தது. அதையும் செய்யவில்லை. வாடிக்கையாளர் ஒரு ரகசியம் சொன்னால் அதோடு சரி, மேற்கொண்டு நோண்ட நமக்கு உரிமையில்லை. இந்த ஒன்றை நீங்கள் யாரும் எனக்காக மீறக் கூடாது.

மழை ஆரம்பித்த சமயம். ஒரு நாள் போன் வந்தது. பின்னால் தறிச் சத்தம். தேவிகாதான் என்று நினைத்தேன். ஆனால் பேசியது வேறு குரல், வயதான குரல்.

"செடி ஆபீஸா? நகரிலேர்ந்து பேசறேம்மா. எங்க வீட்ல, எம் மருமவ தேவிகா போன்ல, எல்லாத்துலயும் உங்க ஆப்தான்."

"சொல்லுங்கம்மா."

"நீங்க ஒரு மெசேஜ் போட்டீங்களே, தெலுங்குல. யாரு ஊத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு. பஸ்ல வர்றப்போதான் படிச்சேன். நெஜமாவே தெரியாதா?"

"ஆப்புக்குத் தெரியாதும்மா. பட்டன் அமுக்கினது மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

"ம். நான்தான் அவசரப்பட்டுட்டேன். சூளூர்பேட்டையில தெருவுக்கே சொல்லிட்டேன். பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த அம்மாகிட்டகூட சொல்லிட்டேன், எம் மருமவ முழுகாம இருக்கான்னு. சொல்லி வாய மூடல, உங்க மெசேஜு வருது. வீட்டுக்கு வந்து பாத்தா அந்தப் பொண்ணு மொகத்துல ஈயாடல. அப்பவே தெரிஞ்சி போச்சி."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஆறுதல் சொல்கிற தகுதி எங்களுக்கு எங்கே இருக்கிறது? பூ கொட்டியது நாங்கள்தானே.

"எம் புள்ள ஞாயித்துக்கிழமை வந்தான். ஒண்ணும் பேசல. மாடியில செடிகிட்டயே நின்னுக்கினு இருந்தான். அப்புறம் கீழ வந்து ரெண்டு பேரும் சேந்து துன்னாங்க. நான் பரிமாறினேன்."

"டாக்டர்கிட்ட..."

"போவல. எதுக்குப் போறது? 'ஆப்காரங்களே தெரியாதுன்னு போட்டுட்டாங்க அத்த. அந்த மூணு நாளும் பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து ஊத்திச்சி, நான் பட்டன மட்டும் அமுக்கினேன்'னு சொன்னா. சரிம்மான்னுட்டேன்."

"நல்லதும்மா. எங்களாலதான் உங்களுக்கு இவ்வளவு மனக்கஷ்டம். மன்னிச்சிக்கோங்க" என்றேன்.

"அது கிடக்கட்டும். இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணோட அம்மா நேத்து வந்தா. பொண்ணு லீவு விட்ட அன்னிக்கே திருத்தணிக்குப் போயிட்ச்சாம். ஸ்கூல் தொறந்துதான் வந்துச்சாம்."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"துளசி தழதழன்னு நிக்குதும்மா. நான் ஊத்தும்போதுகூட அப்படி நின்னதில்ல. அந்த வெயில்ல யாரோ ஒரு மகராசி ஊத்தியிருக்கா."

"அம்மா..."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. ஆபீஸ் வெச்சி நடத்தற உங்களுக்கே யாருன்னு தெரியல. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

போனை வைத்துவிட்டார். நம் செயலியில் பெயர் வராததற்குக் காரணம் இவ்வளவுதான்.